ஆக்லாந்தில் தம்பிக்குக் கார் ஓடிய நாட்கள்

என்ன அலுவலாக வந்தீர்கள் என்று விமான நிலையத்தில் அதிகாரி கேட்டபோது, "தம்பிக்குக் கார் ஓட" என்று உள்ளதைச் சொன்னேன். அது எவ்வளவு பிழையான பதில் என்பது அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சம்பளத்துக்கா என்று கேட்டார். இல்லை, கூடப்பிறந்த தம்பி என்றேன். அவரால் ஏன் ஓட முடியாது என்றார். அவனுடைய லைசென்ஸை எடுத்துவிட்டார்கள் என்றேன். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. முத்திரையைக் குத்தி, கவனமாக ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த மேசையில் பெட்டியைத் திறந்தார்கள். மிளகாய்த்தூள் தப்பியது. கறிவேப்பிலையும் முருங்கையிலையும் குப்பைக்குப் போயின. சப்பாத்தின் அடியில் மண் இருக்கிறது என்று எடுத்துப்போய், கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கையில் தந்தார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தம்பியின் மனைவி நிலானி குடையோடு நின்றாள். தம்பி மயூரன் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் சாரதிப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். இருபது வருடமாகிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆசிரியைகள், தாதிகள், கணவன் வெளிநாட்டில் இருக்கும் மனைவிமார். அவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க நான் இடப்பக்கம் இருப்பேன். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஏதும் நடந்தால் பொலிஸ் முதலில் தேடுவது என்னைத்தான். இந்தத் தொழிலை விட்டுவிட்டு ஐந்து வாரம் வரச்சொல்லி நிலானி கேட்டபோது, மயூரனை வேலைக்குக் கொண்டுபோய் விட ஆள் வேண்டும் என்பது மட்டும் காரணமென்று நினைத்தேன். அவளுக்கும் லைசென்ஸ் இருக்கிறதே என்று கேட்டேன். தொலைபேசியில் அவள் குரல் தணிந்தது.

"அவரோட ஒரு காருக்குள்ள இருக்க என்னால ஏலாது மச்சாள். ரெண்டு கிழமை ஏத்திக்கொண்டு போனனான். இனி ஏலாது."

அன்றைக்கே பயணச்சீட்டுக்குச் சொன்னேன்.

அவர்களுடைய வீடு ஹில்ஸ்பரோவில் ஒரு சரிவில் இருக்கிறது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கீழே கடல். தண்ணீர் வற்றும் நேரத்தில் கடல் இருந்த இடம் முழுவதும் சேறாகத் தெரியும். வாகனக் கொட்டகையில் ஒரு வெள்ளைக் கார் கட்டில் விரிப்பால் மூடப்பட்டிருந்தது. பழுது பார்த்து வந்த நாளிலிருந்து அது அப்படியேதான் நிற்கிறதாம். நிலானி தன்னுடைய பழைய சின்னக் காரை அதைத் தொடாமல் தள்ளி நிறுத்தினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் ஸ்னாப்பர் என்று இங்கே சொல்லும் மீனில் ஒரு குழம்பும் வைத்திருந்தாள். மீனில் முள் குறைவு, ருசியும் கொஞ்சம் குறைவு. மயூரன் அறையிலிருந்து வந்து, "வாங்கோ அக்கா, பயணம் எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத் தலை குனிந்து சாப்பிட்டான். நாற்பத்துமூன்று வயது. கன்னம் ஒட்டியிருந்தது. நிலானி எழுந்து குசினிக்குள் போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். நான் ஓடேல்லை. கார்தான் ஓடினது."

"நீதானே அந்த சீற்றில இருந்தனீ?"

"இருந்தனான். இருக்கிறது வேற, ஓடுறது வேற."

எங்கள் ஊர்ப் பேச்சில் கார் ஓடியது என்றாலும் நான் கார் ஓடினேன் என்றாலும் ஒரே சொல்தான். அவன் சொன்னபோது அந்தச் சொல் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றது.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளென்ஃபீல்டில் நண்பன் செந்தில் வீட்டில் விருந்து. நிலானி வைத்தியசாலையில் வேலை, அதனால் போகவில்லை. மயூரன் சாப்பாட்டோடு குடித்தான், சாப்பாடு முடிந்தும் குடித்தான். புறப்படும்போது தானாக ஓடும் வசதியைப் போட்டு வீட்டு முகவரியைச் சொன்னான். கையில் திறந்த ஒரு பியர் கான். கார் பாலத்தைக் கடந்து, மோட்டர்வேயில் வந்து, ஹில்ஸ்பரோவுக்குத் திரும்பியது. வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், கடைகளுக்கு எதிரே இருக்கும் பாதசாரிக் கடவையில் ஒரு பெண்ணை இடித்தது. அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. பொலிஸ் வந்து குழாயை நீட்டி ஊதச் சொன்னார்கள்.

"நான் பயணி மாதிரி அக்கா. பஸ்ஸில போறவன் குடிச்சிருந்தா அவனைப் பிடிப்பினமே?" என்றான்.

மறுநாள் காலை நிலானியின் காரை எடுத்தேன். இங்கேயும் இடப்பக்கம்தான். கார்களும் பாதிக்கு மேல் ஜப்பான் கார்கள். அதனால் கை தடுமாறவில்லை, காதுதான் தடுமாறியது. ஹோர்ன் சத்தம் அறவே இல்லை. முதல் சுற்றுவட்டத்தில் ஒருவர் தயங்கி நின்றபோது பழக்கதோஷத்தில் ஒரு அடி அடித்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள்.

"இங்க ஹோர்ன் அடிச்சா தூஷணத்தால ஏசுற மாதிரி அக்கா" என்றான் மயூரன். நான் வந்த பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பின் சாயலைப் பார்த்தது அப்போதுதான்.

அவனுடைய வேலை தகனினியில். புதுப்புது வீடுகளாக எழும்பிக்கொண்டிருக்கும் பெரிய வெளிகளில் மழைநீர்க் குழாய்கள் சரியாகப் புதைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. பஸ்ஸும் ரயிலும் மாறிப் போகலாம், ஆனால் கருவிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மோட்டர்வேயில் எல்லாரும் ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில், பேச்சுமூச்சில்லாமல் போனார்கள். யாழ்ப்பாணத்தில் ஓடும்போது மாடு, சைக்கிள், திடீரென்று திரும்பும் முச்சக்கரவண்டி என்று கண் பத்துத் திசைக்கும் ஓடும். இங்கே ஒரு மணிநேரம் ஓடியும் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்யவில்லை. எனக்கு அதுதான் களைப்பாக இருந்தது. இப்படி ஒரு ரோட்டில் ஒருவன் காரை நம்பிக் கண்ணை மூடிவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனை இறக்கிவிட்டு மூலைக்கடைக்குப் போனேன். மூலைக்கடையை இங்கே டெய்ரி என்கிறார்கள். பால் பண்ணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாவுக்குள் இறைச்சிக் குழம்பை அடைத்துச் சுட்ட, பை என்று இங்கே சொல்லும் பண்டம் ஒன்று வாங்கினேன். நம்முடைய றோல்ஸ் போல இருக்குமென்று கடித்து, கொதிக்கும் குழம்பால் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். கடைக்காரப் பெண் தண்ணீர் போத்தலை நீட்டி, "முதல்முறை எல்லாருக்கும் இப்படித்தான்" என்றாள். தண்ணீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ரோட்டைப் பார்ப்பதுபோலவே பக்கத்தில் இருப்பவரின் காலையும் பார்ப்போம். முகம் நடிக்கும், வாய் சமாளிக்கும், கால் சமாளிக்காது. பயந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் இருந்தால், இல்லாத பிரேக்கைத் தேடி மிதிப்பார். அது இயல்பு. மயூரன் அப்படிச் செய்யவில்லை. பாதசாரிக் கடவை வரும்போதெல்லாம் அவன் வலது காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். சுடுகிற ஒன்றில் பட்டுவிட்டது போல. முதல் நாள் அதைப் பார்த்தேன். இரண்டாம் நாளும் பார்த்தேன்.

நான்காம் நாள் நகரத்துக்குள் வழக்கறிஞரைப் பார்க்கப் போனோம். முப்பது வயதுகூட இராத பெண். சுற்றி வளைக்காமல் பேசினாள். மயூரன் ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். தீர்ப்புக்கு முன்னால், அடிபட்ட பெண் சம்மதித்தால் இரு தரப்பும் நேரில் சந்திக்கலாம் என்று நீதிபதி சொல்லியிருந்தார். அந்தப் பெண் சம்மதித்திருந்தாள். அடுத்த வியாழக்கிழமை சந்திப்பு.

எனக்கு விளங்காததைக் கேட்டேன். "பயணி குடித்திருந்தால் குற்றமா?"

"இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்து நீங்கள் குடிக்கலாம். மாநகரசபை தடை செய்திருக்கும் தெருக்கள் சில உண்டு, அங்கே மட்டும் கூடாது."

"அப்படியென்றால் கார் தானாக ஓடும்போது?"

"அந்த வசதிக்கு மேற்பார்வை வேண்டும் என்று கார் கொம்பனியே எழுதித் தந்திருக்கிறது. உங்கள் தம்பி அதில் கையெழுத்து வைத்திருக்கிறார். அந்த இருக்கையில் இருக்கிறவர்தான் சாரதி. யாரும் பார்க்கத் தேவையில்லாத கார் ஒருநாள் வரலாம், அப்போது சட்டமும் மாறலாம். இன்றைக்கு இதுதான்." பிறகு மயூரனைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனாலும் கார் சரியான நேரத்தில் நிற்கவில்லை என்பதை நீதிபதி கவனிப்பார். அது உங்களுக்குச் சாதகம். அதை எழுதியிருக்கிறேன்."

மயூரன் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான்.

திரும்பும்போது தவறான கோட்டில் நின்றுவிட்டேன். மாறுவதற்கு யாராவது வழிவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் பெரிய பாலத்தில் ஏறிவிட்டது. பாலத்தில் திரும்ப முடியாது. இரண்டு பக்கமும் பாய்மரப் படகுகள், வெயில் பட்ட தண்ணீர். வேறொரு நாளென்றால் வாய் பிளந்து பார்த்திருப்பேன். மயூரனின் முகம் வெளிறிப் போயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் பாலத்தைக் கடந்ததில்லை.

"செந்திலோட கதைச்சனியே?" என்றேன்.

"இல்லை. அவன் ஃபோன் அடிச்சான். நான் எடுக்கேல்லை."

கிளென்ஃபீல்ட் கடைத்தொகுதி வரை போய்த்தான் திரும்ப முடிந்தது. அங்கே தேநீர் குடிப்போம் என்று இறங்கினேன். அவன் காருக்குள்ளேயே இருந்தான். நான் குடித்து முடித்து வந்தபோதும் இருக்கைப் பட்டியை அவிழ்க்காமல் இருந்தான்.

சனிக்கிழமை செந்தில் தானாகவே வந்தார். மதுரைக்காரர். ஒரு பெரிய பாத்திரத்தில் பிரியாணி, ஒரு பை நிறைய ஃபீஜோவாப் பழம். இந்த மாதங்களில் இங்கே வீட்டுக்கு வீடு காய்த்துக் கொட்டும் பச்சைப் பழம். வாசனை கொய்யாவைப் போல, உள்ளே வழுவழுப்பு. மயூரன் அறைக் கதவைத் திறக்கவில்லை. செந்தில் கூடத்தில் உட்கார்ந்து என்னிடம்தான் பேசினார்.

"நான்தான் அக்கா குடுத்தேன். வழிக்கு ஒண்ணு எடுத்துக்கோன்னு கையில திணிச்சேன். வண்டிதானே ஓட்டுது, நீ சும்மா உக்காந்து குடிச்சிட்டே போன்னு சொன்னேன். எங்கிட்டயும் அதே வண்டிதான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாங்கினோம். நானும் அப்படி வந்திருக்கேன் அக்கா. ஒரு தடவை மட்டுமில்ல."

குசினி வாசலில் நின்ற நிலானி சொன்னாள்: "முந்தி நான் ஓடுவன், அவர் ஒண்டோட நிப்பாட்டுவார். என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதெண்டு. இந்தக் கார் வந்த பிறகு நிப்பாட்ட ஒரு காரணமும் இல்லாமல் போச்சுது."

செந்தில் பிரியாணிப் பாத்திரத்தின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய காரில் என்னை ஒருமுறை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன். அந்த வசதியைப் போட்டு, மயூரன் வந்த அதே வழியால். அவர் தயங்கினார். நான் குடிக்காத ஆளோடுதானே போகிறேன் என்றேன்.

ஸ்டியரிங் தானாகத் திரும்புவதைப் பார்த்தபோது என் கால் பிரேக்கைத் தேடியது. ஆனால் சொல்லத்தான் வேண்டும், அது நன்றாக ஓடியது. என் மாணவிகளில் அப்படி ஓடக்கூடியவர்கள் சிலபேர்தான். கடைகளுக்கு எதிரே அந்தக் கடவை வந்தது. ஒரு பெண் பிள்ளைவண்டியோடு ஓரத்தில் நின்றாள், இன்னும் காலை வைக்கவில்லை. கார் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, அலுங்காமல் நின்றது. அவள் கடந்து போனாள். கார் மறுபடி நகர்ந்தது.

"எப்பவும் இப்பிடி நிக்குமா?" என்று கேட்டேன்.

"நிக்கும் அக்கா. சில சமயம் ஆளே இல்லாம நிக்கும். மரத்து நிழலப் பாத்துக்கூட ஸ்லோ பண்ணும். எரிச்சலா இருக்கும். அப்ப அக்சிலேட்டர லேசா ஒரு மிதி மிதிச்சா போயிடும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து தகனினியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். மோட்டர்வேயில் நெரிசல், மழை. வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டேன். என் மாணவிகளிடம் கேட்கிற கேள்விதான், அதே குரலில்தான்.

"மயூரன், அந்த நேரம் உன்ர வலது கால் எங்க இருந்தது?"

அவன் வலது காலை உள்ளே இழுத்துக்கொண்டான். முன்னால் நின்ற லொறி நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது.

"கார் நிக்கப் போனதுதானே?" என்றேன்.

"ஓம்" என்றான்.

பிறகு அவனாகவே சொன்னான். கார் வேகத்தைக் குறைத்ததாம். அவன் நிமிர்ந்து பார்த்தானாம். மரத்தின் நிழல் ரோட்டில் கிடந்ததாம். ஆள் யாரும் கண்ணில் படவில்லையாம். வழக்கம்போல நிழலுக்கு நிற்கிறது என்று நினைத்து மிதித்தானாம். லேசாக மிதிக்கத்தான் நினைத்தானாம்.

"ஏன் அவ்வளவு அவசரம்?"

"நிலானி வேலையால வர முந்தி வீட்ட போய்ப் படுத்திடோணும் எண்டு நினைச்சன். வந்து குடிச்சனானோ எண்டு மணந்து பாப்பா. அதுதான் அக்கா. வேற ஒண்டும் இல்லை."

"இது ஆருக்குத் தெரியும்?"

"காருக்குத் தெரியும். அதில எல்லாம் பதிஞ்சிருக்கும். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டபடியால் பொலிஸ் தோண்டிப் பாக்கேல்லை. லோயருக்கும் சொல்லேல்லை."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த இரண்டு மாதமும் "நான் ஓடவில்லை" என்று எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி, சில நாட்களில் அது உண்மைதான் என்று தனக்கே தோன்றிவிடும் என்றான். காலையில் எழும்பினால் மட்டும் காலில் அந்த மிதி இருக்குமாம்.

"வியாழக்கிழமை அவவுக்குச் சொல்லு" என்றேன்.

"சொன்னா அது நீதிபதிக்கு எழுதிப் போகும். லோயர் சொன்ன சாதகம் இல்லாமப் போகும். ஜெயிலுக்கும் விடலாம். வேலை போகும்."

"ஓம், போகலாம்."

வேறென்ன சொல்ல. அவனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது சைக்கிள் ஓடப் பழக்கியது நான். விழுந்தால் நான் தூக்குவேன் என்று சொல்லிப் பழக்கியதும் நான்தான். இப்போது அப்படிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நிலானியிடம் அவனே சொன்னான். அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப எனக்குப் பயந்துதான் மிதிச்சனீங்கள்" என்றாள்.

"நிலானி..."

"நான் மணந்து பாக்கிறது உங்களைப் பிடிச்சு வேதனைப்படுத்த இல்லை. நீங்கள் உயிரோட வந்து சேந்தீங்களோ எண்டு பாக்கிறதுக்கு." குழாயை மூடினாள். "முதல்ல அந்த மனுசிக்குச் சொல்லுங்கோ. மிச்சத்தை அதுக்குப் பிறகு கதைப்பம்."

மறுநாள் அவன் வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்தான். அவள் நீண்ட நேரம் பேசியது எனக்குக் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. கடைசியில் அவன், "விளங்குது. ஆனாலும் சொல்லப் போறன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தான்.

சந்திப்பு ஒனஹங்காவில் ஒரு சமூக மண்டபத்தின் பின்னறையில் நடந்தது. மேசை இல்லை, வட்டமாகப் போட்ட நாற்காலிகள். ஓரத்தில் தேநீர்க் குடுவையும் பிஸ்கட் தட்டும். நடத்துகிற பெண் மாவோரி மொழியில் சிறு பிரார்த்தனை ஒன்றைச் சொல்லித் தொடங்கினாள். எங்கள் பக்கம் மயூரன், நிலானி, நான். எதிரே மெலே என்ற அந்தப் பெண்ணும் அவளுடைய கணவரும். டோங்கா தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள். மெலேக்கு ஐம்பது வயதிருக்கும். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள். ஊன்றுகோல்கள் இரண்டும் நாற்காலியில் சாய்ந்திருந்தன. கணவர் பெரிய உருவம்.

மெலே மெதுவாகப் பேசினாள். கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"எனக்கு ஒரே கேள்விதான்" என்றாள். "உங்கள் கார் மெதுவானது. நான் அதைப் பார்த்தேன். மெதுவாகியதால்தான் காலை வைத்தேன். எனக்காக நிற்கிறது என்று கையைக்கூடத் தூக்கினேன், நன்றி சொல்ல. பிறகு ஏன் வந்தது? கார் பிழை செய்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது விளங்கவில்லை. படுக்கையில் கிடந்த நாளெல்லாம் நான்தான் எதையோ பிழையாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

மயூரன் எழுந்து நின்றான். எழத் தேவையில்லை என்று நடத்துகிற பெண் சைகை செய்தாள். அவன் உட்காரவில்லை.

"நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள்" என்றான். "கார் உங்களைக் கண்டது. நிற்கப் போனது. நான் குடித்திருந்தேன், நான் உங்களைக் காணவில்லை. அது வீணாக நிற்கிறது என்று நினைத்து நான் மிதித்தேன். கார் ஓடியது என்று இவ்வளவு நாளும் சொன்னது பொய். நான்தான் ஓடினேன்."

நிலானி என் கையைப் பிடித்திருந்தாள். மெலேயின் கணவர் முழங்காலில் ஊன்றியிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலே கண்ணை மூடி, வெகுநேரம் கழித்துத் திறந்தாள்.

"அப்படியென்றால் நான் பார்த்தது சரி" என்றாள்.

"சரி."

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதை எதிர்பார்க்கும் தகுதி எங்களுக்கும் இல்லை. உங்களுக்கு இவரிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று நடத்துகிற பெண் கேட்டபோது, மெலே கொஞ்சம் யோசித்தாள்.

"கடைக்குப் போக நான் இப்போது அந்தக் கடவையால் போவதில்லை. மருமகள் பக்கத்துத் தெருவால் சுற்றி அழைத்துப் போகிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒற்றை ஊன்றுகோலுக்கு வந்த பிறகு ஒருநாள், நான் அதைக் கடக்கும்போது நீங்கள் என் கூட வரவேண்டும். நடந்து."

வருகிறேன் என்றான் மயூரன்.

நான் வந்த மூன்றாவது வாரம் தீர்ப்பு. அவன் சொன்ன எல்லாம் நீதிபதியின் முன்னால் தாளில் இருந்தது. அவர் அதை வாசித்தார். கார் நிற்கவில்லை என்ற பேச்சு இனி இல்லை என்றார். வழக்கறிஞர் அதற்கு முன் பேசிய தண்டனையைவிடக் கடுமையாக வந்தது. மாதக் கணக்கில் வீட்டுக்காவல், இருக்கும் இடத்தைக் காட்டும் மின்னணுப் பட்டி காலில், அதன் பிறகு நெடுநாளைக்கு லைசென்ஸ் இல்லை. ஜெயில் இல்லை என்று அவர் சொன்னபோது நிலானி தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டிலிருந்தபடி வரைபடங்களைப் பார்க்கும் வேலை ஒன்றைப் பாதிச் சம்பளத்துக்குத் தருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். வெள்ளைக் காரை விற்க விளம்பரம் போட்டார்கள். செந்தில் தன்னுடையதையும் விற்கப் போவதாகச் சொன்னார். விற்றாரா என்று எனக்குத் தெரியாது.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் மெலேயிடமிருந்து செய்தி வந்தது. மயூரன் வீட்டுக்காவல் அதிகாரியிடம் அனுமதி வாங்கினான், ஒரு மணிநேரம் கொடுத்தார்கள். காலை பத்து மணி. மழை விட்டு வெயில் பளிச்சென்று இருந்தது. மெலே மருமகளோடு வந்தாள், ஒற்றை ஊன்றுகோல். நிலானியும் நானும் கடைப் பக்க நடைபாதையில் நின்றோம்.

மெலே கடவையின் ஓரத்தில் வெகுநேரம் நின்றாள். மயூரன் அவளுடைய வலப்பக்கம், வாகனங்கள் வருகிற பக்கமாக நின்றான். ஒரு சாம்பல் நிறக் கார் வந்து, மெதுவாகி, ஒழுங்காக நின்றது. மெலே காலை வைத்தாள். நான்கு அடி வைத்திருப்பாள். காருக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டாள்.

காருக்குள் இருந்த இளைஞன் தலை குனிந்து மடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கில் கை இல்லை. கார் தானாகத்தான் நின்றிருந்தது.

"போகலாமா?" என்று மயூரன் மெதுவாகக் கேட்டான்.

"இன்னும் இல்லை" என்றாள் மெலே.

ஊன்றுகோலை ரோட்டில் ஊன்றி, காரின் முன்கண்ணாடியை நேரே பார்த்தபடி நின்றாள். பின்னால் இரண்டு கார்கள் வந்து நின்றன. யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. மயூரனும் அவளோடு நின்றான், அவனும் கண்ணாடியைத்தான் பார்த்தான். கார் ஏன் நகரவில்லை என்று அந்த இளைஞனுக்கு எப்போது தோன்றியதோ, அப்போது தலையை நிமிர்த்தினான். முன்னால் இரண்டு பேர் நிற்பதைக் கண்டான். முகம் மாறியது. இரண்டு கைகளும் மேலே வந்து ஸ்டியரிங்கைப் பற்றின.

மெலே அவனுக்குத் தலையசைத்தாள். பிறகு ஊன்றுகோலைத் தூக்கி முன்னால் வைத்து, மிச்சத் தூரத்தை நடந்தாள்.